"உங்களோடு இருக்கிறோம்" என்றவர்கள் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை: இந்த ஆதரவை எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி: கரைவழி

வணக்கம். நான் பணியாற்றும் பிரிவில் விடுமுறை நாள் பணி எல்லோருக்கும் சுழற்சி முறையில் வர வேண்டும் என்பது ஏட்டில் உள்ள விதி. நடைமுறையிலோ, மறுத்துப் பேசத் தயங்குகிற ஒரு சிலரின் பெயரே அட்டவணையில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. இதைச் சுட்டிக்காட்டி மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்புவதற்கு முன் உடன் பணிபுரிவோரிடம் தனித்தனியாகக் காட்டினேன். ஏறக்குறைய எல்லாருமே படித்துவிட்டு, "உள்ளதைத்தான் எழுதியிருக்கிறீர்கள், நாங்கள் உங்களோடு இருக்கிறோம்" என்றார்கள். வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தபோது கட்டைவிரல் குறிகளும் கைதட்டல் குறிகளும் வரிசையாக வந்து விழுந்தன.

பிறகு நடந்த பிரிவுக் கூட்டத்தில் மேலாளர் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இது ஒருவருடைய மனக்குறையா, இல்லை வேறு யாருக்கும் இப்படித் தோன்றுகிறதா?" என்று பொதுவாகக் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. "மற்றவர்களுக்குக் குறை ஏதுமில்லை" என்று கூட்டக் குறிப்பில் பதிவாகிவிட்டது. கூட்டம் கலைந்ததும் அதே நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து, "நன்றாகப் பேசினீர்கள், உங்கள் துணிச்சல் எங்களுக்கு வராது" என்று பாராட்டினார்கள். மேலாளரின் மறுப்பைவிட இந்தப் பாராட்டுத்தான் என்னை அதிகமாகச் சோர்வடையச் செய்தது.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைக்கவும் மனம் ஒப்பவில்லை. தனியே பேசும்போது அவர்கள் குரலில் இருந்த ஆத்திரம் நடிப்பாக இருக்க முடியாது. அப்படியானால் சொல்லளவில் நிற்கும் ஆதரவுக்கு என்ன மதிப்பு? அதைச் செயலாக மாற்ற வழி இருக்கிறதா, அல்லது அதைக் கணக்கில் கொள்ளாமல் நம் வேலையைப் பார்ப்பதுதான் அறிவுடைமையா?

மறுமொழி 1: அரைநிழல்

அவர்கள் பொய் சொல்லவில்லை என்னும் உங்கள் கணிப்பு சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தனியே ஒன்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மௌனம் காப்பது, ஆட்களின் குணத்தைக் காட்டுவதைவிட அந்தக் கூட்டத்தின் அமைப்பையே அதிகமாகக் காட்டுகிறது.

உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே பொருந்தும். தனித்தனி அறைகளில் அமர்ந்து ஒலிவாங்கி வழியாக உரையாடிக்கொண்டிருந்த மாணவர்களுக்கு, உரையாடலில் இருந்த ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டதுபோன்ற குரல் கேட்டது. அந்தக் குரலைத் தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர், வலிப்பு ஓய்வதற்குள்ளாகவே உதவி தேடி எழுந்தார்கள். தன்னைத் தவிர இன்னும் நால்வர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தார்கள். எழாதவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். கை நடுங்கவும் வியர்க்கவும் தவித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். பலர் மீது பரவும் கடமை எவர் மீதும் முழுதாக வந்து அமர்வதில்லை. "வேறு யாருக்கும் இப்படித் தோன்றுகிறதா?" என்று ஒரு மேலாளர் பொதுவில் கேட்பது, அறிந்து கேட்டாலும் அறியாமல் கேட்டாலும், மௌனத்தை விடையாகப் பெறுவதற்கு மிகவும் ஏற்ற கேள்வி.

ஆனால் அந்த மௌனம் எவ்வளவு மெல்லியது என்பதும் ஆய்வுகளில் தெரிந்த செய்திதான். 1950-களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கோட்டின் நீளத்தைக்கூட, மற்ற எல்லாரும் ஒருமனதாகத் தவறாகச் சொல்லும்போது பலர் அவர்களோடு சேர்ந்து தவறாகவே சொன்னார்கள். அந்தக் குழுவில் சரியான விடை சொல்லும் துணை ஒருவர், ஒரே ஒருவர், இருந்துவிட்டால் இப்படி இணங்கிப்போவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. உங்களுக்குப் பிறகு இரண்டாவதாகப் பேச ஒருவரை முன்கூட்டியே உறுதிசெய்து வைத்திருந்தால், மூன்றாவது குரலும் நான்காவது குரலும் தாமாகவே எழுந்திருக்கக்கூடும். பத்துப் பேரின் பொதுவான ஆதரவைவிட, "உங்களுக்கு அடுத்து நான் பேசுகிறேன்" என்னும் ஒருவரின் வாக்கு பெரிது.

மறுமொழி 2: ஆண்டு ஒப்பந்தம்

மௌனமாக இருப்பவர்கள் தரப்பிலிருந்தும் ஒரு குரல் வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உங்கள் கூட்டத்தில் நான் இருந்திருந்தால் நானும் பேசியிருக்க மாட்டேன். அதற்காக வெட்கப்படவும் மாட்டேன்.

என் பணி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் நிற்கிறது. நிரந்தரப் பணியில் உள்ள ஒருவர் கூட்டத்தில் எழுந்து பேசினால் அவருக்கு நேர்வது அதிகபட்சம் மேலாளரின் முகச்சுளிப்பு. நான் பேசினால், அடுத்த ஒப்பந்தத்தில் என் பெயர் விடுபட்டுப் போவதற்குக் காரணம் சொல்ல வேண்டிய தேவைகூட எவருக்கும் இல்லை. ஒரே வாக்கியத்துக்கு இருவரும் கொடுக்கும் விலை ஒன்றாக இல்லாதபோது, இருவரையும் ஒரே தராசில் நிறுத்தி "இவர் செயல்வீரர், அவர் வாய்ச்சொல் வீரர்" என்று பிரிப்பது நியாயம் ஆகாது. நீங்கள் அப்படிப் பிரித்துவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோர்வில் இருக்கும் மனம் எளிதாக அந்தப் பக்கம் சாயும்.

இன்னொன்றையும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்த வரையில், கடிதத்தைக் காட்டி அதில் உள்ளது சரியா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அவர்களும் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துக் கேட்டதாகவோ, கூட்டத்தில் பேச முடியுமா என்று கேட்டதாகவோ, அவரவர் பெயர் வந்த நாள்களைக் குறித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டதாகவோ எங்கும் இல்லை. கருத்துக் கேட்ட இடத்தில் கருத்துக் கிடைத்தது. "உங்களோடு இருக்கிறோம்" என்ற சொல்லுக்குள் பேசுவதும் கையெழுத்திடுவதும் அடங்கியிருப்பதாக நீங்கள் கொண்டீர்கள். கேட்ட கேள்விக்கு உண்மையாக விடை சொல்லிவிட்டதாக அவர்கள் கொண்டார்கள். என்னால் கூட்டத்தில் பேச முடியாது, ஆனால் பழைய அட்டவணைகளைத் தேடி எடுத்து, யார் எத்தனை விடுமுறைகளில் வந்தார்கள் என்று தொகுத்துத் தர முடியும். அதை என்னிடம் எவராவது கேட்டால்தானே?

மறுமொழி 3: மூன்றாம் வரிசை

தன்னார்வப் பணிகளுக்கு ஆள் திரட்டும் வேலையில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில், உங்கள் வாட்ஸ்அப் குழுவில் விழுந்த கட்டைவிரல் குறிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் பார்வையில் சிக்கல் தொடங்கியது கூட்டத்தில் அல்ல, அங்கேதான்.

சிறிய ஆதரவைப் பெற்றுவிட்டால் பெரிய ஆதரவு பின்னால் வரும் என்ற நம்பிக்கை எங்கள் வட்டாரத்தில் வேரூன்றியது. அதற்கு ஆதாரமும் உண்டு. ஜோனதன் ஃப்ரீட்மனும் ஸ்காட் ஃப்ரேசரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், கவனமாக வண்டி ஓட்டுமாறு கூறும் மிகச் சிறிய அட்டையை வீட்டில் வைக்க முதலில் இசைந்தவர்களில் 76 விழுக்காட்டினர், சுமார் இரண்டு வாரங்களுக்குப் பிறகு அதே செய்தியைத் தாங்கிய, பார்க்கவே சகிக்காத பெரிய பலகையை வீட்டு முன்புறம் நட ஒப்புக்கொண்டார்கள். முன்பு எதுவும் கேட்கப்படாதவர்களில் அப்படி ஒப்புக்கொண்டவர்கள் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. இதைப் படித்துவிட்டுத்தான் எங்களைப் போன்றோர் "முதலில் ஒரு விருப்பக்குறியாவது இடட்டும்" என்று கிளம்பினோம்.

பின்னர் வந்த ஆய்வுகள் இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான திருத்தத்தைப் போட்டன. கிர்க் கிறிஸ்டாஃபர்சனும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தச் சிறிய ஆதரவு எல்லாருடைய கண்ணிலும் படும்படி அளிக்கப்பட்டதா, பிறர் அறியாமல் அளிக்கப்பட்டதா என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. பிறர் அறியாமல் ஆதரவளித்தவர்கள், பின்னர் பணமோ நேரமோ கேட்கப்பட்டபோது கூடுதலாகக் கொடுத்தார்கள். பலரும் காணும்படி ஆதரவளித்தவர்களோ, தொடக்கத்தில் எந்த ஆதரவும் அளிக்காதவர்களோடு ஒப்பிடும்போது குறிப்பிடும்படி அதிகமாக எதையும் செய்துவிடவில்லை. நல்லவர் என்று பிறர் முன் தோன்ற வேண்டும் என்ற ஆவல் அந்த முதல் குறியிலேயே நிறைவேறிவிடுவதால், மேற்கொண்டு செய்வதற்கான உந்துதல் தணிந்துவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். அந்த நோக்கம் தன் சொந்த விழுமியத்தோடு எப்படி ஒத்துப்போகிறது என்று எண்ணிப் பார்க்கத் தூண்டப்பட்டவர்களிடம் மட்டும், பொதுவில் காட்டிய ஆதரவும் செயலாகத் தொடர்ந்தது.

பெரிய அளவில் இது எப்படி இருக்கும் என்பதற்கு, சூடான் நாட்டில் போரால் பாதிக்கப்பட்ட டார்ஃபூர் பகுதி மக்களுக்காக ஃபேஸ்புக்கில் தொடங்கப்பட்ட பக்கம் சான்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இணைந்தார்கள். அவர்களில் 99 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அதன் வழியாக ஒரு தொகையும் கொடுக்கவில்லை. பெரும்பாலோர் வேறு ஒருவரைக்கூட இணைக்கவில்லை. யுனிசெஃப் அமைப்பின் சுவீடன் கிளை 2013-இல் பொறுமை இழந்து, எங்கள் பக்கத்துக்கு விருப்பக்குறி இட்டால் போலியோ தடுப்பூசி பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை பூச்சியம் என்ற பொருளில் விளம்பரமே வெளியிட்டது. ஆள் திரட்டும் தொழிலில் இருப்பவர்கள் வெளியே சொல்லத் தயங்குகிற ஒன்றை அவர்கள் அச்சிட்டே சொல்லிவிட்டார்கள் என்று நான் ரசித்தேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2014-இல் தலையில் பனிநீரைக் கொட்டிக்கொள்ளும் அறைகூவல் பரவியபோது, இதுவும் வெறும் விளம்பர மோகம் என்று ஏளனம் செய்தவர்களில் பலர் என் நண்பர்கள். அமெரிக்காவில் ஏஎல்எஸ் என்னும் நரம்பு நோய்க்கான சங்கத்துக்கு அதன் வழியாகச் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பெற்ற ஆய்வொன்று 2016-இல் அந்நோயோடு தொடர்புடைய மரபணுவைக் கண்டறிய உதவியது. அங்கே காட்சியோடு சேர்த்து ஒரு கோரிக்கையும் இருந்தது: பணம் கொடு, இன்னாரை அடுத்து அழை. பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் கூட்டத்துக்குள் மறைந்துகொள்ள முடியவில்லை. உங்கள் குழுவில் கடிதம் மட்டும் போனது; கோரிக்கை போகவில்லை. ஆகவே ஒரு கட்டைவிரலோடு எல்லாரும் தங்கள் கடனைத் தீர்த்துக்கொண்டார்கள்.

கரைவழி

அனைவருக்கும் நன்றி. இரண்டாவது மறுமொழி கொஞ்சம் சுட்டாலும் பயன்பட்டது. குழுவில் எதையும் எழுதாமல், ஒவ்வொருவரிடமும் தனியாக, இந்தத் தொடரில் சொல்லப்பட்டவற்றுள் எது உங்களால் இயலும் என்று கேட்டேன். அட்டவணைகளைத் தொகுத்துத் தர ஒருவர் உடனே இசைந்தார். அடுத்த கூட்டத்தில் எனக்குப் பின் பேச ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கள் பிரிவிலேயே மூத்தவரும் அன்று எல்லாரையும்விட அதிகமாகப் பாராட்டியவருமான ஒருவர் மட்டும், "என் மனம் முழுக்க உங்களோடுதான் இருக்கிறது, வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, கேட்ட ஒவ்வொன்றுக்கும் கைவிரித்துவிட்டார். அவருக்குப் பணியிழப்பு அச்சம் எதுவும் இல்லை. இப்படிப்பட்டவரிடம் என்ன செய்வது? அவரை முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது சரியாகுமா?

மேலும் ஒன்று. பலர் கையெழுத்திடத் தயங்குவதற்கு, முதல் பெயராக இருக்க விரும்பாததே காரணம் என்று தோன்றுகிறது. இந்தத் தயக்கத்தைப் போக்க வழி உண்டா?

மறுமொழி 4: இரவுத் துணை

மூத்தவரைப் பற்றிப் பிறர் சொல்லட்டும். "என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்ற அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. படுக்கையில் நெடுநாள் கிடந்த தாயாரைப் பார்த்துக்கொண்ட காலம் முழுவதும் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம் அது. சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஆனால் என்ன தேவை என்று எண்ணிப் பார்ப்பது, அதை யாரிடம் கேட்பது பொருத்தம் என்று முடிவெடுப்பது, கேட்டு மறுக்கப்பட்டால் அந்தச் சங்கடத்தைத் தாங்குவது ஆகிய மூன்று வேலைகளையும், ஏற்கெனவே களைத்திருப்பவரின் தலையிலேயே அது வைத்துவிடுகிறது. "வியாழன் மாலை நான் வந்து அம்மாவோடு இருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று சொன்ன ஒருவர் இருந்தார். அந்த உதவியை மறுப்பதற்குத்தான் நான் யோசிக்க வேண்டியிருந்தது; கேட்பதற்கு அன்று.

அதே வேளையில், சொல் வெறும் சொல்லாகவே நின்று முழுப் பயன் தரும் இடங்களும் உண்டு என்பதை இந்தத் தொடர் மறந்துவிடக் கூடாது. தாயார் மறைந்த பிறகு செய்வதற்கு எவருக்கும் ஒன்றுமில்லை. அப்போது வந்து அமர்ந்து அவரைப் பற்றிப் பேசியவர்களும், தொலைவிலிருந்து நாலு வரி எழுதியவர்களும் எனக்குச் செய்தது குறைவான உதவி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. செய்யக்கூடியது இருக்கும்போது அதன் இடத்தில் சொல்லை வைப்பதுதான் உறுத்துகிறது. உங்கள் அலுவலகத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

மறுமொழி 5: பழைய செயலாளர்

ஊழியர் சங்கம் ஒன்றில் பொறுப்பில் இருந்தவன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கடலோடிகள் தங்கள் கப்பல் தலைவரிடம் குறை சொல்ல அஞ்சினார்கள். முறையீட்டின் முதல் கையெழுத்துக்காரரே கலகத்தின் தலைவராகக் கருதப்பட்டுத் தண்டனை பெறுவார். அதனால் பெயர்களைப் பட்டியலாக எழுதாமல், சக்கரத்தின் ஆரங்களைப் போல வட்டமாக எழுதினார்கள். யார் முதலில் எழுதினார் என்று எவராலும் சொல்ல முடியாது. நீங்கள் வட்டம் போட வேண்டியதில்லை. அகர வரிசையில் பெயர்களை முன்கூட்டியே அச்சிட்டு, எதிரே கையெழுத்துக்கு இடம் விட்டு, குறைந்தது இத்தனை பேர் கையெழுத்திட்டால்தான் கடிதம் வெளியே போகும், இல்லையென்றால் கிழிக்கப்படும் என்று எல்லாரிடமும் உறுதி சொல்லுங்கள். தனியாக மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம் நீங்கினால் பேனாவை எடுப்பவர்கள் கூடுவார்கள். எனினும் ஒப்பந்தப் பணியில் இருப்பவர்களின் பெயரை அந்தத் தாளில் அச்சிடாதீர்கள். வெற்றாக விடப்பட்ட இடமும் ஒரு பதிவுதான், அது மேலாளர் கைக்குப் போகும்.

பேச ஒப்புக்கொண்டிருப்பவரிடம் எந்தக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலின் எந்த இடத்தில், எந்த ஒரு செய்தியைச் சொல்லப்போகிறார் என்பது வரை பேசி முடித்துவிடுங்கள். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடையே காய்ச்சல் தடுப்பூசி பற்றி நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், எந்தத் தேதியில் போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னது பெரிய மாற்றத்தைத் தரவில்லை. தேதியோடு நேரத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்னபோது, போட்டுக்கொண்டவர்கள் சுமார் 4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினார்கள். பெரிய எண் அன்று என்பது உண்மைதான். ஆனால் ஒரு வரி எழுதவைப்பதற்கு ஆகும் உழைப்பும் பெரிதன்று.

மூத்தவரைப் பொறுத்தவரை, முகத்துக்கு நேரே கேட்பதில் பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தன்னை உங்கள் பக்கத்தவராகவே மனமார நம்புகிறார். குற்றம் சாட்டினால் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ளவே பேசுவார், உங்களிடம் குறை தேடுவதும் அதில் சேரும். வருகிற கூட்டத்தில், "மற்றவர்களுக்குக் குறை ஏதுமில்லை" என்ற முந்தைய குறிப்பைத் திருத்த வேண்டும் என்று முறைப்படி கோருங்கள். தொகுத்த அட்டவணையை அதற்குச் சான்றாக வைத்துவிட்டு, "இந்தப் பதிவு சரியில்லை என்று கருதுபவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று கேட்குமாறு மேலாளரை வேண்டுங்கள். இசைந்தவர்கள் முதலில் உயர்த்தட்டும். நாலைந்து கைகள் மேலே போன பிறகு கை உயர்த்துவதற்கு எந்தத் துணிச்சலும் தேவைப்படாது. பெரும்பாலும் அவரும் உயர்த்திவிடுவார். உயர்த்தாவிட்டாலும், அவரை எண்ணாமலே உங்கள் கணக்கு நிறைவேறும்படி முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்து அவர் மறுபடி பாராட்ட வந்தால் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த மாத அட்டவணை வெளியாகும் தேதியில் அதைச் சரிபார்க்கும் வேலையை அவர் பெயரில் குறித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.